வழிப்பாதை எழுதாத பாகப்பிரிவினை: பெர்லினில் பனிப்போர் இறுகிய விதம்

1945 ஜூன் 29 அன்று பெர்லினில் சோவியத் தளபதி ஷுக்கோவ், அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளே, பிரிட்டிஷ் தளபதி வீக்ஸ் மூவரும் உட்கார்ந்து ஒரு விஷயம் பேசினார்கள். போரில் தோற்ற ஜெர்மனியைச் சோவியத், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்ற நான்கு நாடுகள் மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. பெர்லின் நகரம் மட்டும் நான்கு நாடுகளுக்கும் பொது, அதன் மேற்குப் பகுதி மேற்கத்தியர் பொறுப்பு. ஆனால் அது இருப்பதோ சோவியத் மண்டலத்தின் நடுவில், மேற்கு எல்லையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 175 கிலோமீட்டர் உள்ளே. மேற்கத்தியப் படைகள் எந்த வழியாகப் போய் வருவது? ஒரு நெடுஞ்சாலை, ஒரு ரயில் பாதை என்று வாய்ப்பேச்சில் முடிவானது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. குறிப்பிட்ட வழியை எழுதி வாங்கினால் மற்ற வழிகளில் உரிமை இல்லை என்று ஆகிவிடும் என்பது கிளேயின் கணக்கு.

நிலத்தைப் பாகம் பிரித்த குடும்பங்களுக்கு இதன் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டால், அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசும்வரைதான் அந்தப் பாதை. பெர்லினிலும் மூன்றே ஆண்டுகளில் பேச்சு நின்றது, பாதையும் அடைபட்டது.

பனிப்போரைக் கொள்கைச் சண்டையாக விளக்குவதுதான் வழக்கம்: இந்தப் பக்கம் பொதுவுடைமை, அந்தப் பக்கம் ஜனநாயகம். கொள்கைப் பகை உண்மையானது. ஆனால் அது 1917 முதலே இருந்தது. 1918இல் அமெரிக்கப் படைகள் அர்க்காங்கெல்ஸ்கிலும் விளாதிவஸ்தோக்கிலும் இறங்கின. சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரிக்க 1933 வரை ஆனது. இடையில் ஃபோர்டு நிறுவனமே சோவியத் நாட்டில் மோட்டார் தொழிற்சாலை எழ உதவியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகை இருந்தது, போட்டி இல்லை. போட்டிக்கு இருவரும் ஒரே சொத்தில் பங்கு வைத்திருக்க வேண்டும். அந்தச் சொத்து 1945இல் கிடைத்தது. அதன் பெயர் ஜெர்மனி.

போர் முடிந்தபோது இரு தரப்பின் மனக்கணக்கும் வேறுவேறு. சோவியத் மக்கள் ஏறத்தாழ 2.7 கோடிப் பேர் மாண்டிருந்தார்கள். அமெரிக்க இழப்பு சுமார் 4 லட்சம். பிரான்சில் இரண்டாவது போர்முனையைத் திறக்கச் சொல்லி ஸ்டாலின் பலமுறை கேட்டும், நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது 1944 ஜூன் 6இல்தான். ஜெர்மானியரை எங்கள் ரத்தத்தால் சோர்வடைய வைத்துவிட்டு வந்தார்கள் என்ற சந்தேகம் மாஸ்கோவில் நிலைத்துவிட்டது. அமெரிக்கா சும்மா இருந்துவிடவுமில்லை: 4 லட்சத்துக்கும் அதிகமான லாரிகளும் ஜீப்புகளும் உட்பட சுமார் 1,100 கோடி டாலர் பெறுமான பொருள்களைச் சோவியத்துக்குக் கொடுத்திருந்தது. கொடுத்தவருக்கு நன்றி போதவில்லை, பெற்றவருக்கு உதவி போதவில்லை.

1945 பிப்ரவரியில் ஸ்டாலின், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் மூவரும் கூடிய யால்டா மாநாட்டில் போலந்துக்குச் ‘சுதந்திரமான தேர்தல்’ என்று எழுதினார்கள். யார் மேற்பார்வையில் என்று எழுதவில்லை. முப்பது ஆண்டுகளில் இரண்டு முறை போலந்து வழியாகத் தாக்கப்பட்ட நாடு ரஷ்யா. அந்த வாசலில் தனக்கு வேண்டிய ஆள்தான் இருக்க வேண்டும் என்பதில் ஸ்டாலின் அசையவில்லை. 1947 ஜனவரியில் நடந்த தேர்தல் மோசடித் தேர்தல். ஆனாலும் போலந்தோடு நின்றிருந்தால் இரு தரப்பும் முணுமுணுத்தபடி பிரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது. 1944 அக்டோபரில் சர்ச்சிலும் ஸ்டாலினும் ஒரு துண்டுத் தாளில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீசில் பிரிட்டனுக்கு 90 சதவீதம் என்று பங்கு போட்டவர்கள்தானே. பங்கு போட முடியாமல் போனது ஜெர்மனியை.

இழப்பீட்டுக் கணக்கு

தகராறின் வேர் இழப்பீட்டில் இருக்கிறது. ஜெர்மனியிடம் மொத்தம் 2,000 கோடி டாலர் வாங்குவது, அதில் பாதி சோவியத்துக்கு என்பதைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக யால்டாவில் வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போட்ஸ்டாம் மாநாட்டில் அந்தத் தொகை காணாமல் போனது. புதிய ஏற்பாடு இது: அவரவர் தங்கள் மண்டலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தொழில்வளம் மிகுந்த ரூர் பகுதி பிரிட்டிஷ் மண்டலத்தில் இருந்ததால், மேற்கு மண்டலங்களில் தேவைக்கு மிஞ்சிய இயந்திரங்களில் 15 சதவீதத்தைச் சோவியத்துக்கு உணவு, நிலக்கரிக்கு ஈடாகவும், மேலும் 10 சதவீதத்தை ஈடில்லாமலும் கொடுப்பது.

‘தேவைக்கு மிஞ்சிய’ என்றால் எவ்வளவு? 1946 மார்ச்சில் ஜெர்மனியின் எஃகு உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 75 லட்சம் டன்னில் கட்டிப்போட ஒப்புக்கொண்டு, மிச்சமெல்லாம் மிகுதி என்றார்கள். கணக்கு தாளில் சரி. நடைமுறையில் சிக்கல் வேறு பக்கம் முளைத்தது. ரூர் பகுதிக்குச் சோறு போட வேண்டிய தானிய நிலங்கள் கிழக்கில் இருந்தன. அங்கிருந்து உணவு வரவில்லை. பட்டினியைத் தவிர்க்க பிரிட்டன் தன் டாலரைச் செலவழித்துக் கோதுமை வாங்கி ஜெர்மானியருக்குக் கொடுத்தது. போரின்போதுகூட ரொட்டிக்கு ரேஷன் வைக்காத பிரிட்டன், 1946 ஜூலையில் தன் சொந்த மக்களுக்கு ரொட்டி ரேஷன் கொண்டுவந்தது! ஒரு கையால் இயந்திரத்தைக் கழற்றி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இயந்திரம் சம்பாதித்திருக்க வேண்டிய உணவை மறுகையால் நாங்கள் வாங்கித் தருவதா என்று லண்டனும் வாஷிங்டனும் கேட்டன. 1946 மே மாதம் கிளே தன் மண்டலத்திலிருந்து இழப்பீடு அனுப்புவதை நிறுத்தினார். 1947 ஜனவரி 1 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்கள் பொருளாதார ரீதியில் ஒன்றாயின.

சோவியத் தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எரிந்து கிடந்த நாட்டுக்கு இயந்திரங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஆனால் அவற்றை எடுத்த முறை மோசம். தொழிற்சாலைகளை வேரோடு பெயர்த்தார்கள், இரட்டைத் தண்டவாளங்களில் ஒன்றைப் பிடுங்கினார்கள்; பிடுங்கியவற்றில் நிறைய ரயில் நிலையங்களின் ஓரத்தில் மழையில் துருப்பிடித்துப் போயின. 1945 கோடையில், மேற்கத்தியப் படைகள் பெர்லினுக்கு வருவதற்குள், நகரின் மேற்குப் பகுதியில் இருந்த பெரிய மின்நிலையத்தின் இயந்திரங்களும் கழற்றி அனுப்பப்பட்டன. மூன்று ஆண்டு கழித்து மேற்கு பெர்லின் இருளில் மூழ்கியதற்கு இது நேரடிக் காரணம்.

இதற்கிடையில் நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் அவை இருக்கின்றன. 1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத் விரிவாக்கத்தைப் பொறுமையாகக் கட்டுக்குள் வைக்கும் எண்ணத்துக்கு வித்திட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நோவிக்கோவ் தன் தலைநகருக்கு எழுதிய அறிக்கை, அமெரிக்கா உலக ஆதிக்கம் தேடுகிறது என்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். 1947 பிப்ரவரி 21 அன்று, கிரீசுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது, மார்ச் 31உடன் நிறுத்துகிறோம் என்று பிரிட்டன் கைவிரித்தது. மார்ச் 12 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அந்த உதவிக்காக 40 கோடி டாலர் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். கிரீசின் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பெரும்பாலும் யூகோஸ்லாவியா. ஸ்டாலின் சர்ச்சிலோடு போட்ட பங்கை மதித்து ஒதுங்கியே இருந்தார். வாஷிங்டன் அதை அப்படிப் பார்க்கவில்லை.

போரில் சிதைந்த ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தர முன்வந்த உதவியான மார்ஷல் திட்டம் வேறு வகை. 1947 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டபோது சோவியத்துக்கும் அழைப்பு இருந்தது. உதவி வேண்டுவோர் தங்கள் பொருளாதாரக் கணக்கைப் பொதுவில் வைத்து, கூட்டுத் திட்டம் போட வேண்டும் என்பது நிபந்தனை. பாரிசுக்குப் பேச வந்த சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோத்தோவ் ஜூலை 2 அன்று எழுந்து போனார். ஏற்கச் சம்மதித்திருந்த செக்கோஸ்லோவாகியாவை மாஸ்கோ பின்வாங்க வைத்தது. அடுத்த பிப்ரவரியில் பிராகில் ஆட்சியே கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியது.

காசு மாறிய ஞாயிற்றுக்கிழமை

உண்மையான உடைப்பு பணத்தாளில் நடந்தது. நாஜி அரசு போருக்காக அன்றைய ஜெர்மன் நாணயமான ரைக்ஸ்மார்க்கை அச்சடித்துக் குவித்திருந்தது. விலைகள் மட்டும் சட்டத்தால் உறைந்திருந்தன. அதனால் கடையில் பொருள் இல்லை, சந்தையில் நாணயமாக ஓடியது அமெரிக்க சிகரெட். போதாததற்கு, நேச நாடுகளின் ராணுவ மார்க் தாளை அச்சடிக்கும் தகடுகளின் நகலை 1944இல் அமெரிக்காவே சோவியத்துக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் எவ்வளவு அச்சடிக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் வழியில்லை. பணத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் நால்வருக்கும் சம்மதம். புதிய தாளை யார், எங்கே அச்சடிப்பது என்பதில் இரண்டு ஆண்டுகள் இழுபறி. 1948 மார்ச் 20 அன்று சோவியத் தளபதி சொக்கொலோவ்ஸ்கி, ஜெர்மனியை நிர்வகித்த நால்வர் குழுவின் கூட்டத்திலிருந்து வெளியேறினார்.

புதிய தாள்கள் அமெரிக்காவில் ரகசியமாக அச்சாகி ஏற்கெனவே ஜெர்மனிக்கு வந்து சேர்ந்திருந்தன. ஜூன் 18, வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு. ஜூன் 20, ஞாயிறு அன்று மேற்கு மண்டலங்களில் ஆளுக்கு 40 டாய்ச் மார்க், ரேஷன் அட்டை தரும் இடங்களிலேயே; இன்னும் 20 பிறகு. சம்பளமும் வாடகையும் ஒன்றுக்கு ஒன்று. வங்கிச் சேமிப்போ கடைசியில் 100 பழைய மார்க்குக்கு 6.50 புதிய மார்க் என்று கரைந்தது. சேமித்தவர் வயிற்றில் அடித்த சீர்திருத்தம் அது. ஆனால் திங்கட்கிழமை காலை கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பதுக்கியிருந்த பொருளெல்லாம் வந்து உட்கார்ந்தது.

கிழக்கில் என்ன ஆகும்? மேற்கில் செல்லாத ரைக்ஸ்மார்க் சோவியத் மண்டலத்தில் இன்னும் செல்லும். கோடிக்கணக்கான பழைய தாள் அங்கே பாய்ந்தால் விலைவாசி வெடிக்கும். சொக்கொலோவ்ஸ்கி எல்லையை மூடியதற்கு இது அசலான காரணம், வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. அவரிடம் புதிய தாள் தயாராக இல்லை. பழைய தாளிலேயே சிறு வில்லையைப் பசை தடவி ஒட்டி ஜூன் 23 அன்று புதுப்பணம் என்று அறிவித்தார். மக்கள் அதைச் ‘சுவர் அலங்காரக் காகித மார்க்’ என்று கேலி செய்தார்கள். அந்தப் பணம் பெர்லின் முழுவதும் செல்லும் என்றார். பதிலுக்கு மேற்கத்தியர் ‘பி’ முத்திரை குத்திய டாய்ச் மார்க்கை மேற்கு பெர்லினில் இறக்கினார்கள். ஒரு நகரம், இரண்டு காசு. ஜூன் 24 காலையில் ரயில், சாலை, கால்வாய்ப் படகு எல்லாம் நின்றன. சொன்ன காரணம் ‘தொழில்நுட்பக் கோளாறு’. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது.

4,500 டன்

மேற்கு பெர்லினில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். கையிருப்பு: உணவு 36 நாளைக்கு, நிலக்கரி 45 நாளைக்கு. ஆயுதக் காவலுடன் லாரி அணியை அனுப்பி வழியைத் திறக்கலாம் என்றார் கிளே, வாஷிங்டன் மறுத்தது. மிச்சமிருந்தது வானம். இங்கேதான் தாளில் எழுதியதன் அருமை தெரிகிறது. 1945 நவம்பர் 30 அன்று, விமானங்கள் மோதிக்கொள்ளக் கூடாது என்ற சாதாரணப் பாதுகாப்புக் காரணத்துக்காக, ஹாம்பர்க், ஹானோவர், ஃபிராங்க்ஃபர்ட் திசைகளிலிருந்து பெர்லினுக்கு மூன்று வான்பாதைகளை, ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலத்தில், நால்வரும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தார்கள். தரைவழி பேச்சில் இருந்தது, போயிற்று. வான்வழி எழுத்தில் இருந்தது, நின்றது.

ஒரு நாளைக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். உணவு 1,534 டன்: மாவும் கோதுமையும் 646, பிற தானியம் 125, கொழுப்பு 64, இறைச்சியும் மீனும் 109, உலர்த்திய உருளைக்கிழங்கு 180, சர்க்கரை 180, உலர்காய்கறி 144, உப்பு 38, பால்பொடி 19, காப்பி 11, பாலாடைக்கட்டி 10, குழந்தைகளுக்குப் பால் 5, ரொட்டிக்கு ஈஸ்ட் 3. ரொட்டியாகச் சுட்டுக் கொண்டுவந்தால் தண்ணீரைத் தூக்கி வருவதாகிவிடும். மாவாக வந்தால் மிச்சம். பச்சை உருளைக்கிழங்கு 900 டன் உலர்த்தினால் 180 டன். இறைச்சியில் எலும்பு நீக்கம். இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் உணவைவிட நிலக்கரியே கனம். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 4,500 டன் குறையக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள்.

ஜூன் 26 அன்று பறந்த அமெரிக்க சி-47 விமானம் ஒரு நடைக்கு எடுத்தது ஏறத்தாழ 3 டன். 4,500ஐ 3ஆல் வகுத்தால் நாளுக்கு 1,500 நடை. எந்த ஓடுபாதையும் தாங்காது. நான்கு இயந்திர சி-54 என்றால் 10 டன், 450 நடை போதும். உலகெங்கும் சிதறிக் கிடந்த சி-54களைத் திரட்டியதே முதல் வேலை. ஜூலை கடைசியில் பொறுப்பேற்ற வில்லியம் டன்னர், போர்க்காலத்தில் நம் அசாமிலிருந்து இமயமலைக்கு மேலாகச் சீனத்துக்குச் சரக்கு அனுப்பிய விமானப் பணியை நடத்தியவர். வீரத்தைவிட அட்டவணையை நம்பிய மனிதர்.

அட்டவணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை தெரிந்தது. மேகம் கூரைவரை இறங்கி, மழை. பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு சி-54 ஓடுபாதையைத் தாண்டி எரிந்தது. அடுத்தது அதைத் தவிர்க்கப் பிரேக் போட்டு டயர் வெடித்தது. மூன்றாவது இன்னும் கட்டி முடியாத பாதையில் இறங்கித் தடுமாறியது. மேலே விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்தன. வானத்தில் தன் விமானத்தில் மாட்டிக்கொண்ட டன்னர் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இறங்கினார். இந்த முறையில் கோளாறு ஒன்றுதான்: இறங்க முடியாதவர் மீண்டும் வரிசையில் நின்றால் பின்னால் வருகிற எல்லாரும் நிற்க வேண்டும். புதிய விதி பிறந்தது. வானம் தெளிவாக இருந்தாலும் கருவிகளைப் பார்த்தே பறக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், ஒரே வேகம், முன்னும் பின்னும் பறப்பவருக்கு 500 அடி உயர வித்தியாசம். இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் சரக்கோடு திரும்பிப் போய் அடுத்த சுற்றில் வா. வடக்கு, தெற்குப் பாதைகளில் உள்ளே, நடுப்பாதையில் வெளியே. ஒருவழிச் சாலை போல. பெர்லினில் இறங்கிய விமானிகள் விமானத்தை விட்டுப் போகக் கூடாது. வானிலைச் செய்தியும் காப்பியும் வண்டியில் அவர்களிடமே வந்தன.

நிலக்கரியின் தொல்லை தனி. சாக்குப்பையில் கட்டினாலும் தூள் கசிந்து மின்இணைப்புகளிலும் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும் படிந்து அரித்தது. தண்ணீர் தெளித்தார்கள், தூள் அடங்கியது, எடை ஏறியது. உப்பு அதைவிடப் பொல்லாதது. பிரிட்டிஷார் அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது: கடல்நீரில் இறங்குவதற்காகவே அரிப்பு பிடிக்காமல் செய்த சண்டர்லேண்ட் நீர்விமானங்களில் உப்பை ஏற்றி, பெர்லினின் ஹாஃபெல் ஏரியில் இறக்கினார்கள். குளிரில் ஏரி உறையும் அபாயம் வந்தபோது ஹாலிஃபாக்ஸ் விமானங்களின் வயிற்றுக்கு வெளியே கூடை கட்டி அதில் உப்பு வந்தது.

மேற்கு பெர்லினில் இரண்டு விமான நிலையம் போதாமல் நகரின் டேகல் பகுதியில் மூன்றாவதைக் கட்டினார்கள். சாலை உருளைகளும் புல்டோசர்களும் விமானக் கதவில் நுழையாது. மேற்கில் வாயுச்சுடரால் அறுத்துத் துண்டாக்கிக் கொண்டுவந்து பெர்லினில் பற்றவைத்தார்கள். ஓடுபாதைக்கு ஜல்லி, குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல். சுமந்தவர்களில் பெருவாரியினர் பெண்கள். மூன்றே மாதத்தில் முடிந்தது. இறங்கும் பாதைக்கு இடைஞ்சலாக நின்ற, சோவியத் கட்டுப்பாட்டிலிருந்த வானொலிக் கோபுரங்களை டிசம்பர் 16 அன்று பிரெஞ்சுத் தளபதி கனெவால் வெடிவைத்துத் தகர்த்தார்.

நவம்பர் மூடுபனி கிட்டத்தட்ட ஆட்டத்தை முடித்தது. ஆனால் அந்தக் குளிர்காலம் மிதமாக அமைந்தது. 1946–47இன் கொடுங்குளிர் திரும்ப வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கக் காரணம் உண்டு. மின்சாரம் நாளுக்கு நான்கு மணி நேரம், இரண்டு தவணையாக. பெயர்த்தெடுக்கப்பட்ட மின்நிலையத்தை மீண்டும் கட்டவும் பாகங்கள் வானில்தான் வந்தன. 1949 ஏப்ரல் 15–16இல் 24 மணி நேரத்தில் 1,398 நடை, 12,941 டன் என்ற உச்சம் தொட்டது. மொத்தத்தில் சுமார் 2.78 லட்சம் நடை, 23 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. இறந்தவர்கள் 101 பேர்.

சோவியத் ஏன் சுடவில்லை? எழுத்துப்பூர்வ வான்பாதையில் பறக்கும் ஆயுதமற்ற விமானத்தைச் சுட்டால் போரைத் தொடங்கிய பழி தன் மேல் விழும். தேடுவிளக்கு அடிப்பது, போர்விமானத்தை உரசிக்கொண்டு போக விடுவது என்று சீண்டல்கள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், நான்கு நாட்டு அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து விமானப் போக்கைப் பதிவுசெய்த பெர்லின் வான்பாதுகாப்பு மையத்திலிருந்து சோவியத் அதிகாரிகள் முற்றுகைக் காலம் முழுவதும் வெளியேறவே இல்லை.

முற்றுகையை முடித்தது விமானம் மட்டுமே என்பது பாதிக் கதை. மேற்கும் பதிலுக்கு ரூர் நிலக்கரி, எஃகு, உதிரிபாகங்களைக் கிழக்குக்கு அனுப்பாமல் நிறுத்தியிருந்தது. சோவியத் மண்டலத் தொழிற்சாலைகள் திணறின. 1949 ஜனவரி கடைசியில் ஒரு பத்திரிகையாளரின் கேள்விகளுக்கு ஸ்டாலின் தந்த பதிலில் நாணயப் பிரச்சினை பற்றிய பேச்சே இல்லை. அது தற்செயலா என்று அமெரிக்கப் பிரதிநிதி ஜெசப், ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதி மாலிக்கிடம் நடைவழியில் மெல்ல விசாரித்தார். தற்செயல் அல்ல என்று ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மே 12 நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் சாலை திறந்தது.

அதற்குள் உறவு மாற்றமுடியாத வடிவம் எடுத்துவிட்டது. ஏப்ரல் 4 அன்றே மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ‘ஜனநாயக அணி’யின் அந்த நிறுவன உறுப்பினர்களில் சலாசாரின் சர்வாதிகார போர்ச்சுகலும் ஒன்று. மே 23இல் மேற்கு ஜெர்மனி, அக்டோபர் 7இல் கிழக்கு ஜெர்மனி. இடையில் ஆகஸ்ட் 29 அன்று சோவியத் அணுகுண்டு வெடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கொரியப் போர்.

மேற்கு பெர்லின் நகராட்சி மட்டும் பாடத்தை மறக்கவில்லை. இன்னொரு முற்றுகை வந்தால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று தானியம், டின் இறைச்சி, நிலக்கரி, மருந்து எல்லாவற்றையும் கிடங்குகளில் அடுக்கி, கெடுமுன் விற்றுப் புதிதாக மாற்றி, நாற்பது ஆண்டுகள் காத்து வந்தது. 1990இல் ஜெர்மனி ஒன்றானபின் அந்த இருப்புக்குத் தேவை இல்லாமல் போனது. உணவுத் தட்டுப்பாட்டில் தவித்த சோவியத் ஒன்றியத்துக்கு அதை உதவியாக அனுப்பி வைத்தார்கள்.